தேடினாலே ஹேங் ஆகும் தண்டர்பேர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருட மெயிலைத் தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தத் தொல்லை வந்துவிடும். தேடல் பெட்டியில் ஒரு பெயரை அடித்து என்டர் தட்டியதும் ஜன்னல் வெளுத்துப்போகும், தலைப்புப் பட்டையில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும், மவுஸ் முள் வட்டமாகச் சுற்றும். புரோகிராமை நீக்கிவிட்டு மறுபடி போடுவதுதான் பலர் முதலில் செய்வது. அதனால் ஒரு பயனும் இல்லை. மெயிலும், தேடுவதற்காகப் போட்டு வைத்த சொல் பட்டியலான இன்டெக்ஸும், உங்கள் மெயிலையும் அமைப்புகளையும் வைக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரில் இருக்கின்றன. புரோகிராமை நீக்கினாலும் அவை அப்படியே கிடக்கும், மறுபடி போட்டதும் அதே கோளாறு திரும்பி வரும்.

கீழே உள்ள வழிகள் விண்டோஸை மனதில் வைத்து எழுதியவை. மேக், லினக்ஸிலும் பெரும்பாலும் இதே கதைதான். மெனு பட்டை கண்ணில் படவில்லை என்றால் ஆல்ட் விசையை ஒருமுறை தட்டுங்கள், வந்துவிடும்.

'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்ததும் டாஸ்க் மேனேஜரில் போய் மூடிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். ஒரு ஜன்னல் 5 விநாடி விண்டோஸுக்குப் பதில் சொல்லாவிட்டால் அந்தப் பலகை தானாக வந்துவிடும். புரோகிராம் செத்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை, வேலையில் மூழ்கியிருக்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து தண்டர்பேர்ட் வரியில் சிபியு, டிஸ்க் எண்களைக் கவனியுங்கள். எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். இரண்டுமே பூஜ்ஜியத்தில் அசையாமல் நின்றால் மூடலாம்.

தேடும்போதோ இன்டெக்ஸ் போடும்போதோ மூட நேர்ந்தால் பெரிய சேதம் இல்லை, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். காம்பாக்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் மூடாதீர்கள். அது மெயில் கோப்பையே திருப்பி எழுதுகிற வேலை.

மூடிய பிறகு திறந்தால் 'தண்டர்பேர்ட் ஏற்கெனவே ஓடுகிறது' என்று அடம் பிடித்தால், டாஸ்க் மேனேஜரில் பழைய பிராசஸ் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அதை முடித்துவிட்டுத் திறங்கள்.

எந்தத் தேடலில் ஹேங் ஆகிறது என்று ஏன் முதலில் கேட்கிறீர்கள்? எல்லாம் தேடல்தானே?

இல்லை. தண்டர்பேர்டில் மூன்று தேடல்கள் இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு இடத்தில் கை வைக்கின்றன. இது தெரியாமல் வைத்தியம் பார்த்தால் தலைவலிக்குக் காலில் கட்டுப் போட்ட மாதிரிதான்.

முதலாவது, மேலே உள்ள பெரிய பெட்டி. கண்ட்ரோல் + கே அடித்தால் கர்சர் அங்கே போகும். இதற்கு குளோபல் சர்ச் என்று பெயர். 2009 டிசம்பரில் வந்த தண்டர்பேர்ட் 3.0இல் சேர்ந்தது. இது மெயில்களைத் திறந்து பார்ப்பதில்லை. எல்லாச் சொற்களையும் முன்கூட்டியே எடுத்து ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் போட்டு வைத்திருக்கிறது, அதில் தேடுகிறது. முடிவுகள் தனி டேபில் வரும்.

இரண்டாவது, குயிக் ஃபில்டர். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + கே. மெயில் பட்டியலுக்கு மேலே ஒரு பட்டையாக வரும். திறந்திருக்கும் ஃபோல்டரை மட்டும் சலிக்கும், அந்த இன்டெக்ஸைத் தொடாது.

மூன்றாவது, சர்ச் மெசேஜஸ். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப். அனுப்பியவர், தேதி, தலைப்பு என்று நிபந்தனைகளை அடுக்கித் தேடும் தனி ஜன்னல். துணை ஃபோல்டர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும்.

ஒரே சொல்லை மூன்றிலும் தேடிப் பாருங்கள். எதில் நிற்கிறதோ அதற்குரிய பதிலைக் கீழே படியுங்கள். மூன்றிலும் நின்றால் ஆன்டிவைரஸ், ஆட்-ஆன், டிஸ்க் பற்றிய கேள்விகளுக்கு நேராகப் போகலாம்.

குளோபல் சர்ச்சில்தான் நிற்கிறது. என்ன பார்ப்பது?

டூல்ஸ் மெனுவில் ஆக்டிவிட்டி மேனேஜரைத் திறங்கள். இன்டெக்ஸ் வேலை நடந்துகொண்டிருந்தால் எந்த ஃபோல்டரில், எத்தனையாவது மெயிலில் இருக்கிறது என்று அங்கே தெரியும். புதிய கணினிக்கு மாறியவர்கள், பெரிய கணக்கு ஒன்றைப் புதிதாகச் சேர்த்தவர்கள் எல்லாம் இங்கேதான் மாட்டுவார்கள். பின்னணியில் லட்சம் மெயில்களுக்கு இன்டெக்ஸ் போய்க்கொண்டிருக்கும். அதே தரவுத்தளத்தில் நீங்கள் தேடவும் செய்வீர்கள். ஓர் இரவு முழுக்கக் கணினியை அணைக்காமல், ஸ்லீப் போகாதபடி வைத்து, தண்டர்பேர்டைத் திறந்தே விட்டுவிடுங்கள். பாதிப் பேருக்குக் காலையில் பிரச்சினை இருக்காது.

இரண்டு மூன்று நாளாகியும் அதே ஃபோல்டர், அதே எண்ணில் நிற்கிறது என்றால் அந்த ஃபோல்டரில் கோளாறு. அதை ரிப்பேர் செய்யுங்கள். வழி கீழே இருக்கிறது. ஆக்டிவிட்டி மேனேஜரில் ஒன்றுமே ஓடவில்லை, ஆனாலும் தேடினால் ஹேங் ஆகிறது என்றால் இன்டெக்ஸ் கோப்பே கெட்டுப்போயிருக்கலாம். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

இன்டெக்ஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். மெயில் போய்விடாதா?

சரியான கோப்பை அழித்தால் ஒரு மெயிலும் போகாது. தவறான கோப்பை அழித்தால் மொத்தமும் போகும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷனுக்குப் போங்கள். அந்தப் பக்கத்தில் ப்ரொஃபைல் ஃபோல்டர் என்ற வரிக்குப் பக்கத்தில் ஃபோல்டரைத் திறக்கும் பட்டன் இருக்கும், அழுத்துங்கள். ஃபோல்டர் திறந்ததும் தண்டர்பேர்டை முழுதாக மூடுங்கள். முடிந்தால் இந்த ஃபோல்டரை அப்படியே ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது உள்ளே 'குளோபல்-மெசேஜஸ்-டிபி' என்று தொடங்கி எஸ்கியூலைட் என்று முடியும் கோப்பைத் தேடுங்கள். அழிக்க வேண்டியது அது ஒன்றுதான். பயமாக இருந்தால் அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது தண்டர்பேர்ட் புதிதாக ஒன்றை உருவாக்கி முதலிலிருந்து இன்டெக்ஸ் போடத் தொடங்கும். மெயில் அதிகமென்றால் மணிக்கணக்கில் ஆகும். அதுவரை குளோபல் சர்ச் அரைகுறையாகத்தான் பதில் தரும்.

அதே இடத்தில் மெயில், ஐமேப்மெயில் என்ற பெயரில் ஃபோல்டர்கள் இருக்கும். அவற்றுக்குள் 'இன்பாக்ஸ்' என்று ஒரு கோப்பு, 'இன்பாக்ஸ்.எம்எஸ்எஃப்' என்று இன்னொரு கோப்பு. இந்த இரண்டில்தான் குழப்பம். எம்எஸ்எஃப் என்று முடிவது வெறும் பட்டியல், சின்னதாக இருக்கும். வால் இல்லாத 'இன்பாக்ஸ்' இருக்கிறதே, அதில்தான் உங்கள் மெயில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறது. பல ஜிபி இருக்கும். "இவ்வளவு பெரிய கோப்பா, இதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது" என்று அதை டிலீட் செய்கிறவர்கள் உண்டு. மெயில் சர்வரிலேயே இருக்கும் ஐமேப் கணக்கென்றால் அங்கிருந்து மறுபடி இறங்கிவிடும். மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் கணக்கென்றால், சர்வரில் நகல் விட்டு வைக்கவில்லை என்றால், அவ்வளவுதான்.

குயிக் ஃபில்டரில் ஓர் எழுத்து அடித்தாலே நிற்கிறதே?

அந்தப் பட்டையில் அனுப்பியவர், பெறுபவர், தலைப்பு, பாடி என்று நான்கு பட்டன்கள் இருக்கும். பாடி அழுத்தப்பட்டிருக்கிறதா பாருங்கள். முதல் மூன்றுக்கும் எம்எஸ்எஃப் பட்டியலே போதும். பாடி என்றால் அந்த ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு மெயிலின் உள்ளடக்கத்தையும் படித்தாக வேண்டும். பெரிய இன்பாக்ஸில் அது மூச்சுத் திணறும் வேலை. பாடியை எடுத்துவிடுங்கள். உள்ளடக்கத்தில் தேட வேண்டுமென்றால் குளோபல் சர்ச்சுக்குப் போங்கள், அது இருப்பதே அதற்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு, பலர் கவனிக்காதது. பட்டையின் ஓரத்தில் ஒரு குண்டூசிப் படம் இருக்கும். அதை அழுத்தி வைத்தால் ஒரு ஃபோல்டரில் போட்ட ஃபில்டர் அடுத்த ஃபோல்டருக்கும் கூடவே வரும். பாடியும் குண்டூசியும் சேர்ந்து அழுந்தியிருந்தால், ஃபோல்டர் மாற்றும்போதெல்லாம் ஒரு முழுத் தேடல் நடக்கும். "தேடவே இல்லை, சும்மா ஃபோல்டரை கிளிக் செய்தாலே ஹேங் ஆகிறது" என்று புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தக் குண்டூசியைத்தான்.

சர்ச் மெசேஜஸ் ஜன்னலில்?

மொத்தக் கணக்கையும் துணை ஃபோல்டர்களோடு தேடச் சொன்னால், வருடக்கணக்காகத் திறக்காத ஃபோல்டர்களின் எம்எஸ்எஃப் கோப்புகளையும் அது திறக்கும். எம்எஸ்எஃப் என்பது மார்க் என்ற பழைய எழுத்துவடிவத் தரவு அமைப்பு; கோப்பு முழுவதையும் நினைவகத்துக்கு இழுத்துத்தான் படிக்க முடியும். அதில் ஒன்று கெட்டிருந்தாலோ, மெயில் கோப்போடு பொருந்தாமல் போயிருந்தாலோ, அங்கேயே உட்கார்ந்துவிடும்.

எந்த ஃபோல்டர் என்று கண்டுபிடிக்கத் தேடும் பரப்பைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போங்கள். அகப்பட்டதும் அதன்மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் ரிப்பேர் ஃபோல்டர். எம்எஸ்எஃப்பை அழித்து, மெயில் கோப்பைப் படித்து, புதிதாக எழுதும். நீங்கள் மாற்றி வைத்த நெடுவரிசைகள், வரிசைமுறை போகலாம், மெயில் போகாது.

ஐமேப் கணக்கென்றால் அந்த ஜன்னலில் தேடலைச் சர்வரிலேயே நடத்தச் சொல்லும் பெட்டி இருக்கும். டிக் செய்து பாருங்கள். உழைப்பு உங்கள் கணினியிலிருந்து சர்வருக்குப் போய்விடும். நல்ல இணைப்பு இருந்தால் இதுவே வேகமான வழி.

தேடலைச் சேமித்து ஃபோல்டராக வைத்திருப்பவர்களுக்கும் இதே விஷயம்தான். சேமித்த தேடல் ஒவ்வொன்றும் தான் மேயும் எல்லா ஃபோல்டர்களையும் இழுத்து வரும். பயன்படாதவற்றை நீக்குங்கள்.

காம்பாக்ட் என்றால் என்ன? தேடலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

தண்டர்பேர்டில் மெயிலை அழித்தால் அது கோப்பிலிருந்து உடனே போவதில்லை. 'இது அழிந்தது' என்று ஒரு குறி மட்டும் விழும். ஸ்பேம், விளம்பரம், பெரிய பிடிஎஃப் வந்த மெயில் என்று வருடக்கணக்கில் அழித்ததெல்லாம் இன்பாக்ஸ் கோப்புக்குள் அப்படியே படுத்திருக்கும். பட்டியலில் 2,000 மெயில்தான் தெரியும், கோப்பு 9 ஜிபி இருக்கும். காம்பாக்ட் என்பது உயிரோடு இருக்கும் மெயில்களை மட்டும் புதிய கோப்பில் எழுதிவிட்டு, பழையதைத் தூக்கிப் போடுவது. புதிய கோப்பு உருவாகும்வரை இரண்டுமே டிஸ்க்கில் இருக்கும் என்பதால் ஃபோல்டரின் அளவுக்காவது காலியிடம் வேண்டும். டிஸ்க் நிரம்பி வழியும் நிலையில் இதைத் தொடாதீர்கள்.

ஃபோல்டர்மேல் வலது கிளிக், காம்பாக்ட். முதல்முறை நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் வேறு எதையும் கிளிக் செய்யாமல் இருப்பது நல்லது. தானாகச் செய்துகொள்ளவும் செட்டிங்ஸில் வழி உண்டு. 'காம்பாக்ட் செய்யவா?' என்று எப்போதாவது கேட்கும்போது வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறவர்கள்தான் பிறகு இந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள்.

இன்பாக்ஸ் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

முன்பு ஒரு ஃபோல்டர் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடே இருந்தது. இப்போதைய பதிப்புகளில் அது இல்லை. ஆனால் முடியும் என்பதற்காக ஏற்ற வேண்டியதில்லை. புது மெயில் ஒன்று வந்தாலும் அந்தக் கோப்பு முழுவதும் மாறிய கோப்பாகத்தான் பேக்கப்பின் கண்ணுக்கும் ஆன்டிவைரஸின் கண்ணுக்கும் தெரியும். ஒரு ஃபோல்டரை 2, 3 ஜிபிக்குள் வைத்துக்கொள்வது என் கணக்கு.

ஆடிட்டர் அலுவலகம், கொரியர் அலுவலகம் மாதிரி நாள் முழுக்க இணைப்புகளோடு மெயில் வரும் இடங்களில் எல்லாவற்றையும் இன்பாக்ஸிலேயே விட்டு வைப்பார்கள். இழுத்துப் போட நேரமில்லை என்பார்கள். அதற்கும் குறுக்குவழி இருக்கிறது. மெயில்களைத் தேர்ந்தெடுத்து விசைப்பலகையில் 'ஏ' எழுத்தைத் தட்டினால் ஆர்க்கைவ்ஸ் ஃபோல்டருக்குள் வருடவாரியாகத் தானே பிரித்துப் போட்டுவிடும். ஆயிரம் ஆயிரமாகச் செய்யுங்கள், ஒரே மூச்சில் 50,000 வேண்டாம். முடிந்ததும் இன்பாக்ஸைக் காம்பாக்ட் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கோப்பு இளைக்காது.

ஜிமெயில் கணக்கில் மட்டும் இந்தத் தொல்லை. ஏன்?

ஜிமெயிலில் லேபிள்கள்தான், ஃபோல்டர்கள் இல்லை. ஐமேப் வழியாக வரும்போது ஒவ்வொரு லேபிளும் ஒரு ஃபோல்டராகத் தெரியும். இன்பாக்ஸில் உள்ள மெயில் 'ஆல் மெயில்' ஃபோல்டரிலும் இருக்கும், இரண்டு லேபிள் ஒட்டியிருந்தால் அந்த இரண்டிலும் இருக்கும். தண்டர்பேர்ட் அத்தனையையும் இறக்கும், அத்தனைக்கும் இன்டெக்ஸ் போடும்.

உலாவியில் ஜிமெயில் செட்டிங்ஸுக்குப் போய், லேபிள்ஸ் பகுதியில் 'ஆல் மெயில்' எதிரே ஐமேப்பில் காட்டு என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். மெயில் ஜிமெயிலில் பத்திரமாக இருக்கும், உங்கள் கணினிக்கு இரண்டாவது நகல் வராது. ஜிமெயிலில் ஆர்க்கைவ் செய்து, வேறு லேபிளும் இல்லாத மெயில் 'ஆல் மெயிலில்' மட்டும்தான் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அவையும் தண்டர்பேர்டில் வேண்டுமென்றால் இந்த வழி உங்களுக்கு ஆகாது. அகவுண்ட் செட்டிங்ஸில், சிங்க்ரனைசேஷன் பகுதியில், அண்மைக்கால மெயிலை மட்டும் இறக்கும்படி குறைத்துக்கொள்ளுங்கள். இறக்காத மெயிலின் உள்ளடக்கத்தை குளோபல் சர்ச் தேடாது, அது நாம் கொடுக்கும் விலை.

ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறார்களே, ஆபத்தில்லையா?

முழுதாக நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். ப்ரொஃபைல் ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்தால் போதும். பல ஜிபி கோப்பை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஸ்கேன் செய்தால் எந்தத் தேடலும் நகராது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பழைய ஸ்பேம் ஒன்றில் வைரஸைக் கண்டதும் சில ஆன்டிவைரஸ்கள் அந்த ஒரு மெயிலை விட்டுவிட்டு, மொத்த இன்பாக்ஸ் கோப்பையும் தூக்கிக் குவாரண்டைனில் போட்டுவிடும். இணைப்பைத் திறந்தால் அது தற்காலிக ஃபோல்டருக்கும், சேமித்தால் நீங்கள் காட்டும் ஃபோல்டருக்கும் போகும் என்பதால் அங்கே ஆன்டிவைரஸ் பார்த்துக்கொள்ளும்.

ஆட்-ஆன் காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட் மோட். அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே தண்டர்பேர்டைத் திறங்கள். ஆட்-ஆன்கள், தீம், ஹார்டுவேர் அக்ஸலரேஷன் எல்லாம் ஓய்வில் இருக்கும். இந்த நிலையில் தேடல் ஓடினால், ஆட்-ஆன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். ஒன்றும் சிக்கவில்லை என்றால் ஹார்டுவேர் அக்ஸலரேஷனை செட்டிங்ஸில் அணைத்துப் பாருங்கள்.

ப்ரொஃபைலை ஒன்டிரைவ் ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

வேண்டாம். தண்டர்பேர்ட் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பையே ஒன்டிரைவும் பிடித்துக்கொண்டு மேலே ஏற்றப் பார்க்கும். நெட்வொர்க் டிரைவ், பென் டிரைவ் எல்லாவற்றுக்கும் இதே பதில். போதாததற்குப் பல பென் டிரைவ்கள் ஃபேட்32 வகை, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு நிற்காது.

ரேம் கூட்டினால் சரியாகுமா?

பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் வைத்திருந்தால் முதலில் எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். இந்தப் பக்கத்தில் காசு செலவழிக்கச் சொல்லும் ஒரே இடம் இதுதான். 4 ஜிபி ரேமோடு ஓட்டுகிறவர்கள் அதையும் 8 ஆக்கலாம். அதற்கு மேல் கூட்டுவதால் தேடலுக்குப் பெரிய லாபமில்லை.

ஹேங் ஆகவில்லை, ஆனால் தமிழில் தேடினால் எதுவும் வருவதில்லை.

இது வேறு நோய். குளோபல் சர்ச் முழுச் சொற்களாகத்தான் இன்டெக்ஸ் போடுகிறது. அதில் உள்ள வேர்ச்சொல் காணும் முறை மார்ட்டின் போர்ட்டர் 1980இல் ஆங்கிலத்துக்காக வெளியிட்டது. இன்வாய்ஸ் என்று ஆங்கிலத்தில் தேடினால் அதன் பன்மையும் வரும். 'ரசீது' என்று தேடினால் 'ரசீதை', 'ரசீதுகளில்' வராது, அவை அதற்கு வேறு சொற்கள். வேற்றுமை உருபு ஒட்டாத தமிழ் மெயில் ஏது?

குயிக் ஃபில்டர் இங்கே கைகொடுக்கும், அது சொல்லின் துண்டையும் பிடிக்கும். ஒரு சின்ன உத்தி: 'ரசீது' என்று அடிக்காமல் 'ரசீத' என்று நிறுத்துங்கள். கணினிக்கு 'து' என்பது 'த'வும் உகரக் குறியும், 'தை' என்பது 'த'வும் ஐகாரக் குறியும். ஆகவே 'ரசீத' இரண்டையும் பிடித்துவிடும்.

2000த்தின் தொடக்க ஆண்டுகளில் தமிழ் மின்னஞ்சல் குழுக்களில் எழுதிய மெயில்களைத் தேடுகிறவர்களுக்கு: அவற்றில் பல, யூனிகோடு பரவுமுன் புழங்கிய திஸ்கி குறியாக்கத்தில் இருக்கும். கண்ணுக்கு அந்த எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், யூனிகோடில் அடித்துத் தேடினால் ஒருநாளும் சிக்காது. யூனிகோடுக்கு மாற்றி வைப்பதுதான் வழி.

குளோபல் சர்ச்சை அணைத்தே வைக்கலாமா?

தாராளமாக. செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியில் இன்டெக்ஸிங் என்ற தலைப்பின்கீழ் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். பழைய மடிக்கணினிகளில் நான் அப்படித்தான் செய்கிறேன். குயிக் ஃபில்டரும் சர்ச் மெசேஜஸும் வழக்கம்போல ஓடும்.

நான் அவுட்லுக் பயன்படுத்துகிறேன். இதெல்லாம் பொருந்துமா?

காரணம் ஒன்றுதான், இடம் வேறு. பழைய பாணி அவுட்லுக் தனக்கென்று இன்டெக்ஸ் வைத்துக்கொள்வதில்லை, விண்டோஸ் சர்ச்சை நம்பியிருக்கிறது. தேடல் பெட்டியில் கிளிக் செய்து, சர்ச் டூல்ஸில் இன்டெக்ஸிங் ஸ்டேட்டஸ் பாருங்கள். எத்தனை மெயில் பாக்கி என்று சொல்லும். நாள் கடந்தும் எண் இறங்கவில்லை என்றால் கண்ட்ரோல் பேனலில் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, ரீபில்டு. அவுட்லுக் மெயிலைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி கோப்பில் சந்தேகமிருந்தால், அதைப் பழுது பார்க்க அவுட்லுக்கோடு வரும் ஸ்கேன்பிஎஸ்டியை ஓட்டுங்கள், ஓட்டுமுன் நகல் எடுங்கள். 2010 முதலான பதிப்புகளில் பிஎஸ்டிக்கு வைத்திருக்கும் வரம்பு 50 ஜிபி. அதை நெருங்கவிடாதீர்கள்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று. இன்னும் ஹேங் ஆகிறது.

புதிய ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கிப் பாருங்கள். டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்திலேயே அபவுட் ப்ரொஃபைல்ஸ் என்ற இணைப்பு இருக்கும். பழையதை நீக்க வேண்டாம். புதியதில் அதே ஐமேப் கணக்கைச் சேர்த்து, மெயில் இறங்கி இன்டெக்ஸ் முடிந்ததும் தேடுங்கள். புதியதில் சரியாக ஓடினால் கோளாறு பழைய ப்ரொஃபைலில், அங்கேயே குடிபெயர்ந்துவிடலாம். பழையதற்கே திரும்புவதானால் அதே பக்கத்தில் அதை மறுபடி டிஃபால்ட் ஆக்க வேண்டும்.

புதியதிலும் ஹேங் ஆனால் அது புரோகிராமின் பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம். பிழைகளைத் தெரிவிக்கும் தளமான மொஸில்லாவின் பக்ஸில்லாவில் பதியுங்கள். தண்டர்பேர்ட் பதிப்பு எண், எந்தத் தேடல், ஃபோல்டரில் எத்தனை மெயில், கோப்பு எத்தனை ஜிபி, டிரபிள்ஷூட் மோடில் என்ன ஆனது என்பவற்றை எழுதுங்கள். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஜே அடித்தால் வரும் எரர் கன்சோலில், தேடிய நேரத்தில் வந்த சிவப்பு வரிகளை நகலெடுத்து ஒட்டுங்கள். ஒட்டுமுன் அதில் உங்கள் மெயில் முகவரியோ ஃபோல்டர் பெயர்களோ இருக்கிறதா என்று பார்த்து அழித்துவிடுங்கள், அந்தப் பக்கம் ஊருக்கே தெரியும்.